சோடிச் சோதனை

6 நவம்பர் 2007, செவ்வாய்

விடியவே மழை. குடையை ட்ராமில் விட்டுவிட்டு இறங்கினேன். நனைந்துகொண்டே பள்ளிக்கு. இலையுதிர் காலம் தொடங்கிய பிறகு தொலைத்த குடைகளை வைத்து ஒரு கடை போடலாம் என்கிறார் வீட்டில் இவர்.

ஒன்பதரை வகுப்பு. யப்பானியப் பெண்கள் எட்டுப் பேர். எல்லோரும் கணவர்மாரின் கொம்பனி வேலைக்காக டுசல்டோர்ஃபுக்கு வந்தவர்கள். சில வருடம் இருந்துவிட்டு அடுத்த நாட்டுக்கோ, தோக்கியோவுக்கோ போய்விடுவார்கள். ஜேர்மன் படித்து முடிக்க முதல் பெட்டி கட்ட வேண்டி வரும். ஆங்கிலம் என்றால் எங்கே போனாலும் உதவும் என்று இங்கே வருகிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரி ஜேர்மனியில் இருந்து யப்பானியருக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள். இதை ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பது இவருக்கு இன்னும் அலுக்கவில்லை.

மாதக் கடைசியில் சோதனை. எழுத்துச் சோதனை பற்றிக் கவலை இல்லை. வாய்மொழிதான். அது சோடியாக. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, கொடுத்த விஷயத்தைத் தங்களுக்குள் கதைத்து ஒரு முடிவுக்கு வரவேண்டும். நான் கேள்வி கேட்பேன். வெளியிலிருந்து வருகிறவர் மூலையில் இருந்து புள்ளி போடுவார். யார் யாரோடு என்பது பெயர் வரிசைப்படி.

அதனால் மொரிதா சானும் ஒகாவா சானும் சோடி. ("சான்" இல்லாமல் பெயரை எழுதினால் எனக்கே இப்போது மரியாதைக் குறைவாகத் தெரிகிறது.)

இன்று ஒத்திகை. விஷயம்: ஊரைவிட்டுப் போகும் சிநேகிதிக்குப் பிரியாவிடை விருந்து எங்கே வைக்கலாம்.

ஒகாவா சான்: "இத்தாலியச் சாப்பாட்டுக் கடை நல்லது."

மொரிதா சான்: "ஆம், நல்லது."

"அல்லது வீட்டில் வைக்கலாம்."

"ஆம். வீடும் நல்லது."

"இரண்டில் எது நல்லது?"

மொரிதா சான் மேசையைப் பார்த்தார். "நீங்கள் சொன்னது."

பிறகு ஒரு வசனம் தொடங்கி நடுவில் விட்டார். இரவுச் சாப்பாடு என்பதற்குக் காலைச் சாப்பாடு என்றார். முப்பத்துநான்கு வயதுப் பெண், பத்து வயதுப் பிள்ளை மாதிரி விரலைப் பிசைந்துகொண்டு.

போன கிழமை இதே ஆள் எழுதித் தந்த கட்டுரையில் பிழை பிடிக்க முடியாமல், கடைசியில் ஒரு கமாவைத் தேடிப்பிடித்துச் சிவப்பால் சுழித்தேன். எழுத வருகிறது, கதைக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி எத்தனையோ பேர்.

வாங்க: பால், கறிவேப்பிலை, ஆரணிக்கு நீளக் காலுறை. குடை.

8 நவம்பர், வியாழன்

தீபாவளி. வேலைநாள். ஆரணிக்குப் பள்ளியில் கணக்குச் சோதனை, தலையில் எண்ணெய் வைக்கவே விடவில்லை. "அம்மா, மணக்கும்!" கோயிலுக்கு ஞாயிறுதான்.

வகுப்புக்கு முறுக்குக் கொண்டுபோனேன். தட்டை முதலில் இருந்தவரிடம் நீட்டினேன். நன்றி சொல்லிவிட்டு எடுக்காமல் பக்கத்தில் கொடுத்தார். அவரும் எடுக்கவில்லை. தட்டு கை மாறிக் கை மாறி யன்னலோரம் இருந்த ஒகாவா சானிடம் போனது. அவர் ஒன்று எடுத்தார். உடனே தட்டு திரும்பி வந்தது, வழியெல்லாம் எல்லோரும் எடுத்தார்கள்.

இவ்வளவு நாளும் கண்ணில் படவில்லை. ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரை எப்போதும் ஒகாவா சானுக்கு. லிஃப்ட் வந்தால் முதலில் அவர். அவருடைய கணவர்தான் இங்கே கொம்பனிப் பொறுப்பாளர். வகுப்பில் பாதிப் பேரின் கணவர்மார் அவருக்குக் கீழே வேலை. மொரிதா சானின் கணவர் அதில் இளையவர்.

முறுக்கு நல்ல மொறுமொறுப்பு. அரிசிப் பலகாரம் அவர்களுக்குப் புதிது இல்லை; செய்முறை கேட்டார்கள். முறுக்கு உரலின் படம் பலகையில் கீறிக் காட்டினேன். ஏதோ ஆயுதம் மாதிரி வந்தது.

வகுப்பு முடிந்த பிறகு மொரிதா சான் மட்டும் நின்றார். சோதனையில் எவ்வளவு எடுத்தால் போதும் என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். கதைக்கத் தொடங்கினார். நான் கோட் போட்டதுபோட்டபடி கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஓபர்காசலில் அவருடைய வீட்டுக்குக் கிட்ட ஆங்கிலம் பேசும் சிறுவர் பள்ளி ஒன்று. பெப்ரவரியிலிருந்து ஒரு உதவி ஆசிரியர் தேவை. டிசம்பரில், நத்தாருக்கு முதல் சான்றிதழ் காட்டினால் எடுப்பார்கள். யப்பானில் எட்டு வருடம் சின்னப் பிள்ளைகளோடுதான் வேலை. இங்கே வந்த பிறகு வீட்டில். "ஒரு நாள் அந்த வேலிப் பக்கம் போனேன். ஒரு குழந்தை இடக்கால் சப்பாத்தை வலக்காலில் போட்டுக்கொண்டு அழுதது. என் கை வேலிக்குள்ளால் போய்விட்டது, சென்செய். நான் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகவே போய்விட்டது."

சென்செய் என்றால் ரீச்சர். எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவ்வளவும் ஆங்கிலத்தில், ஒரு இடத்திலும் முட்டாமல். காலங்கள் சரி. சின்னப் பகிடிகூட. இது கதைக்க வராத ஆள் இல்லை.

"அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது?"

வாயைக் கையால் மூடிச் சிரித்தார். "பதற்றம்," என்றார்.

10 நவம்பர், சனி

பழைய குளிர்ப்பெட்டி நேற்றுச் செத்தது. ஒரே நாளில் பாலும் தயிரும் பழுது. புதிது வாங்கக் கடைக்கு. இவருக்கு வேலை. தவமக்கா துணைக்கு வந்தா, ஆரணியும்.

தவமக்கா இவருடைய தமையனின் மனைவி. எங்களுக்கு முதல் இங்கே வந்தவ. நாங்கள் வந்த புதிதில் ஒரு குளிர்காலம் முழுக்க அவவின் வீட்டு வரவேற்பறையில்தான் படுத்தோம். ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவ. அதெல்லாம் பதினைந்து வருடத்துக்கு முந்திய கதை. ஆனாலும் கடை வாசலில்:

"நீ சும்மா நில்லு பவானி. நான் கதைக்கிறன்."

கதைத்தா. சத்தமாக, பயமில்லாமல், இலக்கணம் எல்லாத் திசையிலும். விற்கிற பொடியன் கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று கேட்டான். தவமக்கா யோசிக்கவே இல்லை, "இடது, இடது" என்றா. இடது பக்கம் திறந்தால் எங்கள் அடுப்பில் முட்டும். எனக்குத் தெரியும். பொடியன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எழுதிக்கொண்டான்.

திரும்பி வரும்போது ட்ராமில், தவமக்கா இறங்கிப் போன பிறகு, ஆரணி:

"அம்மா, கதவு அடுப்பிலை அடிக்கும். உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"பெரியம்மா கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை நான் எப்பிடி இடையிலை..."

"உங்கடை ஜேர்மன் அவவின்ரையை விட எவ்வளவோ நல்லம்."

"அதுதான்."

"எதுதான்?"

"அதுதான்" என்று திரும்பவும் சொன்னேன். பதின்மூன்று வயது, கண்ணை மேலே உருட்டிவிட்டுக் காதில் பாட்டைச் செருகினாள்.

அடுத்த தரிப்பு வரும்போதுதான் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. "நீங்கள் சொன்னது." மொரிதா சானுக்குப் பதற்றமும் இல்லை, ஒன்றும் இல்லை. மேலதிகாரியின் மனைவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவரைவிட நன்றாகக் கதைக்க முடியாது. வேண்டுமென்றே பிழைவிட்டிருக்கிறார். நான் தலையாட்டிய மாதிரி.

எனக்கென்றால் கதவு அடுப்பில் முட்டுவதோடு முடிந்தது. அவருக்கு அந்தச் சிறுவர் பள்ளி போய்விடும்.

12 நவம்பர், திங்கள்

தலையிடி. இரண்டு கோப்பிக்குப் பிறகு சரி.

பள்ளி நடத்தும் ஃப்ராவ் லென்ஸிடம் போனேன். நல்ல மனுசி, ஆனால் விதி என்றால் விதி. சோடியை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"பட்டியல் சோதனை நடத்துகிறவர்களுக்குப் போய்விட்டது. மாற்றுவதென்றால் காரணம் எழுதவேண்டும்."

விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

"சரி. காரணம் என்ற இடத்தில் என்ன எழுத? மரியாதை என்றா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் பதில் அதேதான். இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்டால் மாற்றலாம். யாராவது வராமல் விட்டால், வைத்தியர் எழுதிய துண்டு இருந்தால் அவருக்கு வேறு நாள் கொடுப்பார்கள். தனித்துப் போனவரோடு அவரைப் படிப்பிக்காத ஒரு ஆசிரியர் சோடியாக இருப்பார். வேறு வழி இல்லை.

மத்தியானம் மழை விட்டு நல்ல வெயில். ரைன் கரையில் ஒரு சுற்று நடந்து, கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டேன்.

13 நவம்பர், செவ்வாய்

நானும் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். இன்றைய பாடம்: மறுத்துப் பேசுவது எப்படி. "நான் அப்படி நினைக்கவில்லை", "அது சரி, ஆனால்", "மன்னிக்கவும், எனக்கு உடன்பாடு இல்லை". பலகையில் எழுதி, எல்லோரையும் சொல்லவைத்தேன். சொன்னார்கள், தாலாட்டுப் பாடுவதுபோல. மறுக்கிறார்களா ஆறுதல் சொல்கிறார்களா என்று தெரியவில்லை.

பிறகு ஒவ்வொருவராக ஏதாவது ஒரு கருத்துச் சொல்லவேண்டும், மற்றவர்கள் மறுக்கவேண்டும். பூனையை விட நாய் நல்லது. மறுத்தார்கள். ட்ராமை விட சைக்கிள் நல்லது. மறுத்தார்கள், கொஞ்சம் சூடு பிடித்தது. ஒகாவா சானின் முறை வந்தது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஈர நவம்பர், எதிர்க் கட்டிடத்து விளக்குகள் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன.

"டுசல்டோர்ஃப் ஒகினாவாவைவிடச் சூடான இடம் என்று நான் நினைக்கிறேன்."

ஒகினாவா யப்பானின் தென்கோடித் தீவு. குளிர்காலத்திலும் கடலில் குளிக்கிற இடம் என்று அவர்களே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ஒருவர் மெல்ல: "ஆம், சில நாட்களில்." இன்னொருவர்: "ஹீட்டர் இருந்தால்." மொரிதா சான் தலையைக் குனிந்துகொண்டு: "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்."

ஒகாவா சான் என்னைப் பார்த்தார். ஒரு செக்கன்தான். பிறகு எழுதும் கொப்பியை மூடினார்.

வகுப்பு முடிந்து மொரிதா சானைப் படிக்கட்டில் பிடித்தேன். நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் சோடியை மாற்றலாம் என்றேன். மேலே வகுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாம், சென்செய். தயவுசெய்து ஒன்றும் செய்யாதீர்கள். நான் மாற்றக் கேட்டேன் என்று தெரிந்தால், ஒகாவா சானோடு இருக்க எனக்கு விருப்பம் இல்லை என்று ஆகிவிடும். அவர் எனக்கு நல்லவர். நான் வந்த முதல் மாதம் என் பிள்ளையைக் காட்ட வைத்தியரிடம் அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்."

"அப்படியென்றால் சோதனையில் கதையுங்கள்."

"முயற்சி செய்வேன்."

செய்யமாட்டார். இரண்டு பேருக்கும் தெரியும்.

15 நவம்பர், வியாழன்

முதல் பனி. விழுந்ததும் கரைந்தது.

வகுப்பு முடிந்த பிறகு ஒகாவா சான் நின்றார். மற்றவர்கள் லிஃப்டுக்குள் போகும் மட்டும் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல நின்றார். ஐம்பது வயது இருக்கும். எப்போதும் சாம்பல் நிறச் சால்வை. ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கையால் தடவிப் பார்த்து வைப்பதுபோல.

"சென்செய், செவ்வாய்க்கிழமை நான் ஒரு முட்டாள்தனமான விஷயம் சொன்னேன்."

"ஒகினாவா."

"ஆம். எல்லோரும் ஆம் என்றார்கள்." கதிரையில் இருந்தார். "இங்கே வந்து நான்கு வருடம். என் ஆங்கிலம் வளரவில்லை. ஏன் தெரியுமா? என்னோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை. சந்தையில் மீன்காரர் மட்டும் சண்டை பிடிக்கிறார். ஆனால் அவர் ஜேர்மனில்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு இல்லை.

"மொரிதா சான் எனக்குப் பக்கத்தில் இருந்தால் கதைக்கமாட்டார். அவருக்கு இந்தச் சான்றிதழ் தேவை என்று எனக்குத் தெரியும். அவருடைய கணவர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். என்னை வேறு சோடியோடு போடுங்கள்."

நீங்களும் கையெழுத்துப் போட்டுக் கேட்கலாம் என்றேன். தலையாட்டி மறுத்தார். "நான் கேட்டால், ஒகாவா சானுக்கு மொரிதா சானைப் பிடிக்கவில்லை என்று எல்லா வீடுகளிலும் கதைப்பார்கள். அவருடைய கணவருக்கும் அது நல்லதில்லை."

இரண்டு பேரும் இரண்டு பக்கத்தில் நின்று ஒரே கதவைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் விதியைச் சொன்னேன்: வைத்தியர் துண்டு, வேறு நாள். சொல்லிவிட்டு, பொய்த் துண்டு வாங்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

ஒகாவா சான் கன்னத்தை விரலால் தொட்டார்.

"எனக்கு ஒரு கடைவாய்ப் பல் கழற்றவேண்டும். கோடையிலிருந்து பல்வைத்தியர் சொல்கிறார். நான் பயத்தில் தள்ளிக்கொண்டே வருகிறேன்." நாட்காட்டியைப் பார்த்தார். "அவர் சனிக்கிழமையும் வேலை செய்கிறார்."

"ஒகாவா சான், சோதனைக்காகப் பல்லைக் கழற்றவேண்டாம்!"

"சோதனைக்காக இல்லை. பல்லுக்காக. நாள்தான் சோதனைக்காக."

எழும்பி, சால்வையைச் சரிசெய்து, வணங்கினார். மொரிதா சானுக்குச் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சொன்னேன். "எங்கடை ஆக்கள் எண்டால் பல்லுக் கழட்டினதை ஊர் முழுக்கச் சொல்லியிருப்பினம்" என்றார். அதுவும் உண்மைதான்.

17 நவம்பர், சனி

குளிர்ப்பெட்டி வந்தது. கதவு அடுப்பில் முட்டுகிறது. ஆரணி சமையலறை வாசலில் நின்று கை தட்டினாள். இவர் ஒரு துண்டுத் துணியை மடித்து அடுப்பு மூலையில் ஒட்டினார். இனிச் சத்தம் வராது.

பின்னேரம் தவமக்கா ரெலிபோன். "எப்பிடி, கதவு சரியே?"

"நல்லாயிருக்கக்கா."

"நான் சொன்னன்தானே. நீ கதைச்சிருந்தால் மற்றப் பக்கம் சொல்லியிருப்பாய்."

"ஓமக்கா."

சிரிப்பை அடக்க வாயில் சேலைத் தலைப்பு. அவ சொன்னது சரிதானே, மற்றப் பக்கம்தான் சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டுமா என்று யோசித்தும் பார்த்தேன்.

24 நவம்பர், சனி

சோதனை. நல்ல குளிர், நல்ல வெயில். புள்ளி போட வந்த வெளியாள் ஒரு அயர்லாந்துக்காரர், மெலிந்த ஆள், தடித்த ஸ்வெற்றர். கொலோனிலிருந்து ரெயிலில் வந்தார், அரை மணி பிந்தி.

எட்டரைக்கே பல்வைத்தியரின் துண்டு ஃபாக்ஸில். ஃப்ராவ் லென்ஸ் அதை எடுத்து, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இன்றைக்கா?"

"பல்வலி நாள் பார்த்தா வரும்?" என்றேன். துண்டைக் கோப்பில் போட்டார்.

மொரிதா சான் நீல உடுப்பில் வந்தார். சோடி எங்கே என்று பார்த்தார். ஒகாவா சானுக்குப் பல்வைத்தியம், ஃப்ராவ் லென்ஸ் உங்களோடு இருப்பார் என்றேன். முதலில் அதிர்ச்சி. பிறகு, "வலி அதிகமா?" என்று கேட்டார். தன் சோதனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

விஷயத்தை உறையிலிருந்து எடுத்தேன். பள்ளிக்குப் பக்கத்தில் நகரசபைக்கு ஒரு வெறும் காணி. கார் நிறுத்துமிடம் கட்டுவதா, பிள்ளைகள் விளையாட இடம் கட்டுவதா?

ஃப்ராவ் லென்ஸின் முகத்தில் வெளிச்சம். ஒவ்வொரு காலையும் காரை நிறுத்த இடமில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வருகிற மனுசி அவர். நடிக்கவேண்டிய தேவையே இல்லை.

"கார் நிறுத்துமிடம்தான். இதில் கதைக்க என்ன இருக்கிறது?"

மொரிதா சான்: "ஆம். அதுவும் நல்லது."

பழக்கம் என்பது ஆளோடு போய்விடாது போல.

"பிள்ளைகளுக்குப் பார்க் இருக்கிறது," ஃப்ராவ் லென்ஸ் தொடர்ந்தார். "நடந்து போகட்டும். பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறது."

மொரிதா சான் நிமிர்ந்தார். "மன்னிக்கவும். எத்தனை வயதுப் பிள்ளைகள்?"

"என்ன வயதென்றாலும்."

"மூன்று வயதுக் குழந்தை இந்தத் தெருவைத் தாண்ட முடியாது. இங்கே வாகனங்கள் வேகமாக வருகின்றன. ஏனென்றால் எல்லோரும் கார் நிறுத்த இடம் தேடுகிறார்கள்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்! இடம் இருந்தால் தேட..."

"மன்னிக்கவும், நான் இன்னும் முடிக்கவில்லை."

அயர்லாந்துக்காரரின் பேனா நின்றது. பிறகு வேகமாக எழுதத் தொடங்கியது.

முடித்தார். பிள்ளைகள் விழுந்து எழும்பப் பழக ஒரு இடம் வேண்டும் என்றார். எட்டு வருடம் அதைப் பார்த்தவள் நான் என்றார். பெரியவர்களும் கொஞ்சத் தூரம் நடக்கலாம், அவர்களுக்கும் கால் இருக்கிறது என்றார். ஃப்ராவ் லென்ஸ் சிவந்துபோய், விடாமல் வாதாடி, கடைசியில் நிலத்துக்குக் கீழே கார், மேலே பிள்ளைகள் என்று இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று நான் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் மொரிதா சான் என் பக்கம் திரும்பினார்.

"நான் மரியாதை இல்லாமல் கதைத்துவிட்டேனா?"

"தேவையான அளவுக்கு," என்றேன்.

ஃப்ராவ் லென்ஸ் தண்ணீர் குடித்துக்கொண்டு: "அந்தப் பெண் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்றா சொன்னீர்கள்?"

வீட்டில் மீன்குழம்பு. நல்ல நித்திரை வரும்.

27 நவம்பர், செவ்வாய்

ஒகாவா சான் வந்தார். ஒரு கன்னம் அப்பம் மாதிரி வீங்கி. சால்வையால் மூடிப் பார்த்துக் கைவிட்டார். எல்லோரும் மெல்லத் தேவையில்லாத சாப்பாடாகக் கொண்டுவந்திருந்தார்கள். சூப், இனிப்புப் போட்டு அரைத்த பயறு. மொரிதா சான் மூடியுள்ள ஒரு கிண்ணத்தில் அவித்த முட்டைக்கூழ், கரண்டியும் சேர்த்து.

"சனிக்கிழமை அவசரமாக வலித்ததா?" மொரிதா சான் ஆங்கிலத்திலேயே கேட்டார்.

"பல் யாருடைய வசதியையும் பார்ப்பதில்லை," ஒகாவா சான் ஒரு பக்க வாயால் சொன்னார்.

மொரிதா சான் அவரையே கனநேரம் பார்த்தார். பிறகு வணங்கினார். வழக்கத்தைவிடத் தாழ்வாக, வழக்கத்தைவிட நீளமாக. ஒகாவா சான் முட்டைக்கூழ் சாப்பிடுவதில் கவனமாக இருந்தார்.

நான் வகுப்பில் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

8 டிசம்பர், சனி

ஒகாவா சானுக்கு விடுபட்ட வாய்மொழிச் சோதனை, கொலோனில். காலையிலிருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இடியப்பம் பிழிந்தேன்.

மத்தியானம் ரெலிபோன். பின்னால் ரெயில் சத்தம். முதல்முறையாக அவருடைய ஆங்கிலம் வேகமாக, பிழைகள் கொட்டக் கொட்ட.

"சென்செய்! போலந்துக்காரப் பையன். லிஃப்ட் பொருத்துகிறவன். என்னை மூன்று தரம் இடைமறித்தான்! 'நோ நோ நோ' என்றான். என் முகத்துக்கு நேரே!"

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நானும் நோ என்றேன். சத்தமாக. அவன் சிரித்தான். வெளியே வந்து கோப்பி வாங்கித் தந்தான்."

"சோதனை எப்படி?"

"சோதனையா?" ரெயில் சத்தத்துக்கு மேலால் சிரித்தார். "தெரியவில்லை. ஆனால் கதைத்தேன்."

இடியப்பம் கொஞ்சம் இறுகிப்போனது. ஒருவரும் கவனிக்கவில்லை.

18 டிசம்பர், செவ்வாய்

இந்த வருடத்துக் கடைசி வகுப்பு. இரவு முழுக்கப் பெய்த பனி, ட்ராம் ஊர்ந்து ஊர்ந்து.

சோதனை முடிவுகள் நேற்றுப் பின்னேரம் வந்தன. வகுப்புக்கு முதல் ஒவ்வொருவரிடமும் மூடிய உறையில் கொடுத்தேன். மொரிதா சானுக்கு மேல் வகுப்புத் தரம், வாய்மொழியில் எங்கள் பள்ளியிலேயே ஆகக் கூடிய புள்ளி. ஒகாவா சானுக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது. எழுத்தில்தான் விழுந்தது; வாய்மொழியில் தேறியிருக்கிறார். மற்ற எல்லோரும் பாஸ்.

உறைகளைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள். ஒருவரும் முகத்தில் எதையும் காட்டவில்லை. யாரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவில்லை. மொரிதா சான் தன் உறையைக் கைப்பையின் ஆக அடியில் வைத்தார், அதற்குள் பக்கத்தில் இருந்த ஒகாவா சான் தாளைக் கண்டுவிட்டார். நான் நத்தார்க் கேக்கை வெட்டத் தொடங்கினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.

ஒகாவா சான் எழுந்து நின்றார். வகுப்பில் அவர் எழுந்து கதைத்தது இதுதான் முதல்முறை. எல்லோரும் கையை மடியில் வைத்தார்கள்.

ஆங்கிலத்தில் சொன்னார்: "மொரிதா சான் பாஸ். மிக நல்ல பாஸ். பெப்ரவரியில் சிறுவர் பள்ளிக்குப் போகிறார். வாழ்த்துகள்." மூச்சு எடுத்தார். "ஐ ஆம் ஃபெயில்."

யாரோ ஒருவர் கதிரையை நகர்த்தி, பிறகு பயந்து நிறுத்தினார்.

மொரிதா சான், மேசையைப் பார்த்தபடி, மிக மெல்ல: "ஐ ஃபெயில்ட்."

ஒகாவா சான் திடுக்கிட்டுத் திரும்பினார். "இல்லை! நீங்கள் பாஸ்!"

"இல்லை, நான்..." மொரிதா சானின் கழுத்துவரை சிவந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. தலையை உயர்த்தினார். "நான் பாஸ்தான். நீங்கள் சொன்னது பிழை. 'ஐ ஆம் ஃபெயில்' இல்லை. 'ஐ ஃபெயில்ட்.'"

கேக் கத்தி என் கையில் அப்படியே.

ஒகாவா சான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஒவ்வொரு எழுத்தாக: "ஐ ஃபெயில்ட்."

"ஆம்," மொரிதா சான் சொன்னார். "இப்போது சரி."

ஒகாவா சான்தான் முதலில் சிரித்தார். வாயை மூடாமல், கழற்றிய பல்லின் இடைவெளி தெரிய.